புத்தகத்தில் இரண்டு பெயர்

லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிளின் பதிவுப் புத்தகத்தில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு உரிமையாளர் என்று வாங்கியவர். முழு உரிமையாளர் என்று நிதிக் கம்பனி. தவணை முடியும்வரை பெற்றோல் செலவும் பழுதும் பொலிஸ் தண்டமும் ஓட்டுகிறவனுக்குச் சொந்தம். வண்டி மட்டும் சொந்தமில்லை.

2025 நோன்பில் எங்களூர் மோட்டார் சைக்கிள் விற்பனை நிலையம் ஒன்று வாடிக்கையாளருக்கு இப்தார் வைத்தது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு அந்த பெப்ரவரியில்தான் கதவு திறந்திருந்தது. வண்டிகளை ஓரமாக்கிப் பாய் விரித்திருந்தார்கள். கஞ்சி, பேரீச்சம்பழம், சமூசா, கட்லட். எதிலும் குறையில்லை. லீசிங் கம்பனித் தம்பிமாரும் வந்திருந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவர் மீன் வியாபாரி. பின்சீட்டில் ரெஜிபோம் பெட்டி கட்டி, விடியுமுன் வயலூர்களுக்குப் போகிறவர். 2022இல் கியூஆர் முறை வந்தபோது கிழமைக்கு 4 லீற்றரை வைத்துக்கொண்டு பாதி ஊர்களைக் கைவிட்டவர். குனிந்து மெல்லக் கேட்டார்:

"காக்கா, ரெண்டு மாசம் கட்டல்ல. அந்தா இரிக்கிற தம்பிதான் வண்டியத் தூக்க வாறவர். இந்தக் கஞ்சி தொண்டைக்குள்ள எறங்குமா?"

"மொதல்ல நோன்பத் தொறங்க தம்பி, பாங்கு சொல்றாங்க" என்றேன்.

மஃரிபுக்குப் பிறகு எல்லோர் கையிலும் புதிய வண்டிகளின் விலைத்தாள் இருந்தது. அவரும் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பதன் நன்மை நமக்குத் தெரியும். கடன்பட்டவன் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் சூரா பகராவின் வசனமும் தெரியும். முதலாவதைக் கூட்டமாகச் செய்கிறோம், படமும் எடுக்கிறோம். இரண்டாவதைக் கம்பனியின் சட்டம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் 2020இல் கொரோனா வந்தபோது மத்திய வங்கியின் சொல்லுக்கு லீசிங் கடன்களுக்கும் மாதக் கணக்கில் தவணைகள் தள்ளிவைக்கப்பட்டன. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விற்பனை நிலையத்து முதலாளி நல்ல மனிதர். கம்பனிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பவரும் அவர்தான். அவர் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள். அடுத்த நோன்பில் சமூசா இல்லாமல் போகட்டும். வயலூருக்கு மீன் கொண்டு போகிறவனின் ஒரு தவணையை, மேலதிகம் ஏற்றாமல், பெருநாளுக்கு அப்பால் தள்ளிவைக்கச் சொல்லட்டும். அந்த வீட்டிலும் பெருநாள் வரும்.