ஒரு மணி நேரம்

ஊத்துக்குளி என்றதும் பலருக்கு வெண்ணெய் நினைவுக்கு வரும். எனக்கு அத்தையின் ஞாபகம்தான் வரும். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது, அத்தை பீரோவைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தாள். உள்ளே, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு மினி டிவி காஸெட்.

"உங்க மாமன் பேசுனது இதுலதான் இருக்குது கண்ணு. எப்படியாச்சும் கேக்கற மாதிரி பண்ணிக் குடு."

2004-இல் மகள் கல்யாணத்தில் எடுத்தது. மாமா காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. சுவரில் படம் இருக்கிறது, குரல் இல்லை.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அத்தை மகன், "அஞ்சு நிமிஷ வேலைங்க மச்சான்" என்று பழைய காமிராவைத் தூசி தட்டினான். யூ.எஸ்.பி. கம்பியைச் செருகினான். ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் துவாரத்தின் வழியே அசையாத புகைப்படங்கள் மட்டுமே வருமாம். அசையும் படத்துக்கு ஃபயர்வயர் என்று தனி வழி. 1995-இல் தரம் வகுக்கப்பட்டு, ஒரு காலத்தில் ராஜபாட்டையாக இருந்த வழி அது. ஆப்பிள் கம்பெனியோ 2025-இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் அதை அடைத்தே விட்டது.

கடைசியில், திருப்பூரில் ஒரு கணக்கர் அறை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் காரில் ஏற்றி வந்தான். அதில் அந்தத் துவாரம் இருந்தது!

ஆனால் ஐந்து நிமிஷத்தில் காரியம் முடியவில்லை. நாடாவில் இருப்பது வெறும் எண்கள்தான் என்றாலும், நிமிஷத்துக்கு 9000 தடவை சுழலும் உருளையைத் தொட்டுக்கொண்டு நாடா தன் வேகத்தில்தான் நகரும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம். கம்ப்யூட்டரில் அது அடைக்கும் இடம் சுமார் 13 ஜிகாபைட். வேறு வழியின்றி எல்லோரும் திரையின் முன் உட்கார்ந்தோம்.

நாற்பதாவது நிமிஷத்தில் பந்தியோரம் மாமா வந்தார். வாயைத் திறந்தார். உடனே முகம் சதுரம் சதுரமாகச் சிதறியது, சப்தம் அறுந்தது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"காமிராத் தலையில அழுக்குங்க" என்றான் மகன். ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் துடைக்கும் காஸெட்டை இரவல் வாங்கி, சில விநாடிகள் ஓடவிட்டு, நாடாவைப் பின்னால் சுற்றி மறுபடி தொடங்கினோம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இந்தத் தடவை முகம் கலையவில்லை.

"எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகோணும், ஆமா!" என்றார் மாமா.

அத்தை திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "சாப்பிட்டாச்சுங்க."

படத்தை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தினோம். இனி எத்தனை பிரதி வேண்டுமானாலும் சில நிமிஷங்களில் எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கினேன். அத்தை கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தக் காஸெட்டை வாங்கி, தகர டப்பாவில் போட்டுப் பீரோவைப் பூட்டினாள்.