சிவப்பைப் பார்த்த பிறகே பச்சையை நம்புங்கள்

ஐப்பசி பிறந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். எங்கள் தெருப் பையன்கள் நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவன் கையில் அட்டைப்பெட்டி.

"தாத்தா, நீங்க வேலையில இருந்தப்போ வாக்கி டாக்கி எல்லாம் உங்க பொறுப்புலதான் இருந்துச்சாமே. இதை எப்படி வச்சுக்கறதுன்னு சொல்லிக் கொடுங்க."

பெட்டியில் ஆறு செட்டுகள் இருந்தன. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி வாங்கியிருக்கிறார்கள். காரணம் திண்டிவனத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறி, நகராமல் நின்று கொட்டித் தீர்த்ததே, அதுதான். மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயிலை நிறுத்திவிட்டார்கள். விழுப்புரத்தில் இருக்கும் என் மகள் வீடு இங்கிருந்து 40 கி.மீ. கூட இல்லை. இரண்டு நாள் அவள் குரலைக் கேட்க முடியவில்லை. அவ்வளவு ஏன், எங்கள் தெருவின் மேட்டுக் கோடியில் இருப்பவருக்குப் பள்ளக் கோடியில் தண்ணீர் எந்தப் படி வரைக்கும் வந்திருக்கிறது என்று தெரியவில்லை. கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை.

"இது விழுப்புரத்துக்குப் பேசாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சமதரையில், வீடுகளுக்கு நடுவில், ஒன்றிரண்டு கிலோமீட்டர் பேசினால் பெரிது. மொட்டை மாடியில் ஏறினால் இன்னும் கொஞ்சம். ஒரு தெருவுக்கு அது போதும்.

அடுத்து பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்தேன். நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும் சிறு சக்திக் கருவிக்கு 2018 முதல் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அந்தக் கருவி மாதிரிக்கு அரசின் அனுமதி இருக்க வேண்டும். வேறு அலைவரிசையில் பேசுகிற செட்டை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம்; போலீஸ், தீயணைப்புக்காரர்கள் பேச்சுக்குள் புகுந்து குழப்பவும் கூடும். ஆன்லைனில் கண்டதையும் விற்கிறார்கள் என்பதால்தான் 2025 மே மாதக் கடைசியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்தது. நல்ல வேளை, பையன்கள் சரியானதைத்தான் வாங்கியிருந்தார்கள்.

உள்ளிருந்து என் மனைவி, "என்னங்க, இது வெடிக்கும்னு டி.வி.யில காட்டினாங்களே" என்றாள். 2024 செப்டம்பரில் லெபனானில் வாக்கி டாக்கிகள் வெடித்து ஆட்கள் செத்ததைச் சொல்கிறாள். அதில் வெடிமருந்தை உள்ளே ஒளித்து வைத்திருந்தார்கள். சார்ஜ் போட்டதால் வெடித்ததல்ல என்று சமாதானம் சொன்னேன். ஆனாலும் லித்தியம் பேட்டரியை அலட்சியமாக வைத்தால் தீப்பிடிக்கும் என்பது உண்மை. அவள் பயமும் முழுக்கத் தப்பில்லை.

இதற்குள் ஒரு பையன் சார்ஜரைப் பிளக்கில் மாட்டி, செட்டை அதில் வைத்துவிட்டு, "பச்சை எரியுது தாத்தா, ஃபுல்லு" என்றான்.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. இதே பச்சையை நம்பி நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பதினாலு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கருவியைத் திருப்பிப் போட்டு 'டாக்கி-வாக்கி' என்பார்கள். முதலில் பேச்சு, பிறகு நடை. 2011-ல் என் கவனக்குறைவால் பேச்சு நின்றுபோய், ஒரு மனிதர் புயலில் நடக்க வேண்டியதாயிற்று.

டிசம்பர் 29 இரவு. தானே புயல் மறுநாள் காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறப் போகிறது. மரக்காணம் பக்கத்துக் கடலோர ஜனங்களைப் பள்ளிக்கூடங்களில் தங்க வைத்திருந்தோம். நாங்கள் சிலர் ஜீப்போடு மெயின் ரோட்டோரக் கட்டடம் ஒன்றில் இருந்தோம். 3 கி.மீ. தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் ஊர்த் தலையாரி, கையில் ஒரு செட்டோடு. செட்டுகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. முந்தின நாள் ஒவ்வொன்றாக வைத்தேன். எல்லாவற்றிலும் பச்சை எரிந்தது. எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

விடியற்காலை நான்கு மணி இருக்கும். தலையாரி நடந்து வந்து நின்றார். சைக்கிளை வழியிலேயே போட்டுவிட்டார். பனை மட்டை விழுந்து நெற்றி கிழிந்து, மழையோடு ரத்தம் வழிகிறது.

"சார், மிஷின் பேசல. ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சு."

ஜீப் கிளம்பியது. விழுந்த மரங்களை வெட்டி வெட்டித்தான் போனோம். விடிகிற நேரம் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை, இரண்டு உயிரும் பிழைத்தன. தலையாரிக்கு நெற்றியில் ஆறு தையல்.

இரண்டு நாள் கழித்து அந்தச் செட்டை எடுத்துப் பார்த்தேன். பேட்டரியின் உலோகத் தகடுகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. துணியால் அழுத்தித் துடைத்துவிட்டுச் சார்ஜரில் வைத்தேன். சிவப்பு எரிந்தது.

அப்போதுதான் புரிந்தது. அந்த மழைக்காலத்தில் முன்பே ஒருமுறை கடலோர வேலைக்குப் போய்வந்த செட் அது. துடைக்காமல் அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். உப்புக் காற்றின் படிவு தகட்டை மூடிவிட்டது. சில சார்ஜர்களில் பேட்டரி சரியாகத் தொடாவிட்டாலும் பச்சைதான் எரியும். நான் பார்த்தது வெறும் சார்ஜரின் பச்சை. பேட்டரியில் மிச்சம் இருந்த கொஞ்சத்தில் செட் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. கேட்பதற்குச் சொற்ப மின்சாரம் போதும். பேச அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அவர் பட்டனை அழுத்தியதும் செட் அணைந்துவிட்டது.

அறிக்கை எழுதியதும் நான்தான். 'கருவியில் கோளாறு' என்று இரண்டே சொல்லில் முடித்தேன். கோப்பு மேலே போய்த் திரும்பி வந்து மூடப்பட்டது. 2012-ல் மாலை போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. செட்டை எடுத்து, தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மறுபடி வைத்தேன். சிவப்பு வந்தது. "முதல்ல சிவப்பைப் பாக்கணும். அப்புறம் அது பச்சையா மாறணும். சிவப்பைப் பாக்காம பச்சையை நம்பாதீங்க" என்றேன். அதை ஒரு தாளில் முதல் வரியாக எழுதச் சொன்னேன். மற்றவை அதற்குக் கீழே. உங்கள் வீட்டில், கோயில் திருவிழாவில், குடியிருப்பில் யாராவது வைத்திருந்தால் அவர்களுக்கும் உதவும்.

செட்டோடு வந்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். செட்டை அணைத்துவிட்டுச் சார்ஜ் போட வேண்டும். மெத்தை மேல், தலையணை பக்கத்தில், திரைச்சீலை ஓரத்தில் வைக்கக் கூடாது. சிமென்ட் திண்ணையோ தரையோ நல்லது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. ஆள் விழித்திருக்கும்போது போட்டு, நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். நனைந்த பேட்டரியைத் துடைத்து நன்றாகக் காயவிட்ட பிறகும், வெயிலில் சுட்டதை ஆறவிட்ட பிறகும்தான் சார்ஜரில் வைக்கலாம்.

எங்கள் காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போடச் சொல்வார்கள். இப்போதைய லித்தியம் பேட்டரிக்கு அந்தப் பழக்கம் ஆகாது. முழுக்கத் தீர்த்தால் கெட்டுப்போகும். சும்மா வைத்திருக்கும் கோடைக்காலத்தில் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நிறைத்தே வைத்திருங்கள். தானே வந்தது மார்கழியில்.

தனிப் பேட்டரியைச் சில்லறையோடும் சாவிக்கொத்தோடும் சட்டைப்பையில் போடக் கூடாது. தகடுகள் இரண்டையும் உலோகம் தொட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ வேண்டாம். உபயோகத்தை நிறுத்திவிட்டு வெளியே மணலில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். புகை வந்தால் பக்கத்தில் போகாமல் 101-ஐக் கூப்பிடுங்கள்.

ஒருவன் கேட்டான்: "கரண்ட் போயிட்டா எங்க டிராக்டர் பேட்டரியில ரெண்டு ஒயர் போட்டு ஏத்திக்கலாமா தாத்தா?" நல்ல வேளை கேட்டான். டிராக்டர் பேட்டரி 12 வோல்ட். இந்தச் சின்னப் பேட்டரி 7.4 வோல்ட். நேராக ஒயர் கொடுத்தால் கட்டுப்பாடில்லாமல் பாய்ந்து பேட்டரி எரிந்துவிடும். இன்வெர்ட்டரில் சார்ஜரை மாட்டலாம், அந்தச் செட்டுக்கென்று விற்கும் கார் சார்ஜரை வாங்கலாம். வேறு வழி வேண்டாம் என்றேன்.

பேசுவதிலும் முறை இருக்கிறது. ஆன்டெனா இல்லாமல் பட்டனை அழுத்தினால் செட் பழுதாகும். ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்காதீர்கள், பேசும்போது கண்ணுக்குப் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் பிடித்து, அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். சுருக்கமாகப் பேசினால் பேட்டரியும் நிற்கும், அடுத்தவருக்கும் வழி கிடைக்கும். பெட்ரோல் பங்கில் பேசவும் வேண்டாம், பேட்டரி மாற்றவும் வேண்டாம். பெருமுக்கல், திருவக்கரை பக்கம் கல் குவாரிகள் உண்டல்லவா? வெடி வைக்கிற இடத்துக்கு அருகே பட்டனைத் தொடவே கூடாது. மின்சாரத்தால் வெடிக்கும் தோட்டாவை ரேடியோ அலையே கிளப்பிவிடக்கூடும்.

2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற அம்மையார் போர்ட் பிளேரில் இருந்தார். அமெச்சூர் ரேடியோ பயணமாகப் போனவர். மற்றத் தொடர்புகள் அறுந்த நேரத்தில், தன் கருவியை வைத்து அந்தமான் செய்திகளை வெளியே சேர்த்தார். அந்த வேளையில் அவர் கருவி பேசும் நிலையில் இருந்தது. எல்லாம் அதில்தான் இருக்கிறது. புயல் வந்த பிறகு சார்ஜ் போட முடியாது.

பையன்கள் போன பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறு வாரம் மரக்காணம் பஸ் ஏறினேன். உப்பளங்கள் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. தலையாரியும் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறார். நெற்றித் தழும்பு அப்படியே இருந்தது. டீ குடித்து முடிக்கும் வரை வேறு ஏதேதோ பேசிவிட்டு, கடைசியில் சொல்லிவிட்டேன். தகடு, உப்பு, பச்சை விளக்கு, நான் எழுதிய இரண்டு சொல், எல்லாம்.

அவர் சிரித்தார்.

"அன்னிக்கே தெரியும் சார். மிஷின் அணைஞ்சதும் பேட்டரியைக் கழட்டி நாக்குல வச்சுப் பாத்தேன். உப்புக் கரிச்சுது. அளத்துல பொறந்தவனுக்கு உப்பு தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் சார் ஆபீசுக்கு வந்தேன். நீங்க எழுதி முடிச்சிருந்தீங்க."

அதற்கு என்ன பதில் சொல்வது? கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறந்த குழந்தை இப்போது ஒன்பதாவது படிக்கிறதாம். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வந்து ஏற்றிவிட்டார்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு பையன் ஆறு செட்டையும் துடைத்து, சார்ஜ் போட்டு, சிவப்பைப் பார்த்து, பிறகு பச்சையைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோளாறு என்று மட்டும் எழுதக் கூடாது, யார் கையில் இருந்தது, என்ன ஆயிற்று என்று முழுதாக எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் வாரக் கையெழுத்து என்னுடையது.