கடைசிப் பெயர்

டர்போ சி-யின் நீலத் திரைக்கு முன்னால் ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்த காலம். ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து, வரி வரியாகப் படித்துத் திரையில் காட்ட வேண்டும். எங்கள் வகுப்பு வருகைப் பட்டியலையே ஃபைலாக அடித்து வைத்தேன். ஓட்டியதும் பெயர்கள் மளமளவென்று வந்தன. கடைசிப் பெயர் மட்டும் இரண்டு தடவை வந்தது. அந்தப் பெயருக்குரியவன் பக்கத்திலேயே நின்று, “எனக்கு மட்டும் ரெண்டு அட்டெண்டன்ஸ்டா” என்று சிரித்தான்.

பக்கத்து மேஜையில் அதே புரோகிராம் ஒழுங்காக ஓடியது. அதுதான் எரிச்சல். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். புரோகிராமில் வித்தியாசமே இல்லை. கடைசிப் பெயரை அடித்துவிட்டு நான் எண்டர் தட்டியிருந்தேன், அவர்கள் தட்டவில்லை.

காரணம் பிடிபட வருடங்கள் ஆயின. ‘ஃபைல் முடியாதவரை படி’ என்று எழுதியிருந்தோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஃபைல் முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் முன்கூட்டியே எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. படிக்கப் போய் ஃபைலின் அடியில் முட்டிய பிறகுதான் ‘ஆமாம், முடிந்துவிட்டது’ என்கிறது. அம்மா பரண்மேல் வைக்கும் முறுக்கு டின் மாதிரி: கடைசி முறுக்கை எடுக்கும்போது தெரியாது, அடுத்த தடவை கைவிட்டுத் துழாவும்போதுதான் தகரம் தட்டுப்படும். வரியைப் படிக்கும் எஃப்கெட்ஸ் வெறுங்கையோடு திரும்பியதைக் கவனிக்காமல், ஏற்கெனவே கையிலிருந்த பெயரையே மறுபடி அச்சிட்டிருக்கிறேன். எண்டர் தட்டாதவர்களுக்கோ, வரி எங்கே முடிகிறது என்று தேடும்போதே தகரம் தட்டிவிட்டது.

எழுத்தெழுத்தாகப் படிக்கும் எஃப்கெட்சி-யில் வேறொரு கண்ணி. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை எது வேண்டுமானாலும் வரலாம், அத்தனையும் சரக்கு. ‘இல்லை’ என்று சொல்ல அதில் ஓர் எண்கூட மிச்சமில்லை. அதனால்தான் எஃப்கெட்சி பைட்டைவிடப் பெரிய இன்ட் ஆகத் திருப்பித் தருகிறது. முடிவுக்குப் பெரும்பாலும் -1. சி மொழியைப் பற்றிக் கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே இது இருக்கிறது. நாங்களோ ‘சார்’ என்றுதான் அறிவிப்போம். (கேரக்டருக்கு எங்கள் உச்சரிப்பு அது, வாத்தியாரையும் அப்படித்தான் கூப்பிட்டோம்.)

இப்போதெல்லாம் எஃப்கெட்ஸையே வைல் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுகிறேன். வெறுங்கை என்றால் சுற்று அங்கேயே நிற்கும். அன்று நான் செய்த திருத்தம் வேறு: ஃபைலின் கடைசிக்குப் போய் அந்த எண்டரை அழித்தேன். பெயர் ஒரே தடவை வந்தது. சார் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.