40 மீட்டர் கேபிள் யாருடையது?

மெட்ரோ ரயிலின் சுரங்க நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் இரண்டு கதவுகள் திறக்கின்றன. ஒன்று ரயில் பெட்டியின் கதவு. இன்னொன்று நடைமேடை ஓரத்தில் இருக்கும் கண்ணாடித் தடுப்புக் கதவு. பயணிக்கு அது ஒரே வாசல். எங்களுக்கு அது மூன்று ஒப்பந்தங்கள். பெட்டியைச் செய்தது ஒரு நிறுவனம். தடுப்புக் கதவை அமைத்தது இன்னொரு நிறுவனம். வண்டி சரியான இடத்தில் நின்றுவிட்டது, இனி திறக்கலாம் என்று சொல்லும் சிக்னல் அமைப்பு மூன்றாவது நிறுவனத்துடையது. நடைமேடையைக் கட்டிய சிவில் ஒப்பந்ததாரரையும் சேர்த்தால் நான்கு. ஒரு கையில் குழந்தையும் இன்னொரு கையில் சேலைக் கொசுவமுமாக வண்டிக்குள் ஏறும் பெண், இந்த நான்கு பேருடைய வேலைகளின் எல்லைக்கோட்டில்தான் காலை வைக்கிறாள்.

அந்த எல்லைக்கோடுதான் என் வேலை. பொறியியலில் அதற்கு இடைமுகம் என்று பெயர். இரண்டு பாகங்கள் சந்திக்கும் இடத்தில் எது எதைத் தொடுகிறது, எந்த மின்னழுத்தத்தில், எந்த அலகில், எத்தனை விநாடிக்குள், யார் தருகிறார், யார் வாங்குகிறார், யார் சோதிக்கிறார் என்பதையெல்லாம் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் திட்டத்தில் பெரிய ஒப்பந்தங்கள் 11. ஒவ்வொன்றும் மற்றதைத் தொடுவதாக வைத்துக்கொண்டால் 55 ஜோடிகள். இன்னும் ஓர் ஒப்பந்தம் சேர்ந்தால் 66. வேலை ஒன்று கூடினால் சந்திப்புகள் பதினொன்று கூடுகின்றன. பெரிய திட்டங்களில் தாமதமும் சண்டையும் ஏன் நடுவிலேயே முளைக்கின்றன என்பதற்கு இந்தக் கணக்கு பாதி விளக்கம்.

மீதி விளக்கம் யாரிடம் அந்த நடு ஒப்படைக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது.

தடுப்புக் கதவுகள் எல்லாம் மூடிப் பூட்டிக்கொண்டன என்ற செய்தி சிக்னல் அமைப்புக்குப் போனால்தான் வண்டி கிளம்பும். பாதுகாப்புக்கான செய்தி என்பதால் அதற்குத் தனிக் கம்பி. மின்சாரம் ஓடினால் கதவுகள் மூடியிருக்கின்றன என்று பொருள். கம்பி அறுந்தால் கதவு திறந்திருப்பதாகவே சிக்னல் எடுத்துக்கொள்ளும், வண்டி நகராது. பழுது வந்தாலும் பழி உயிர்மேல் விழாதபடி செய்த ஏற்பாடு. ஒரு நிலையத்தில் கதவுக் கட்டுப்பாட்டு அறைக்கும் சிக்னல் அறைக்கும் நடுவே இந்தக் கேபிளின் நீளம் 40 மீட்டர். கதவு ஒப்பந்தத்தில் "எங்கள் அறையின் முனைப்பலகை வரை" என்று இருந்தது. சிக்னல் ஒப்பந்தத்திலும் "எங்கள் அறையின் முனைப்பலகை வரை" என்றே இருந்தது. இரண்டு அறைகளிலும் முனைப்பலகைகள் பளபளப்பாகத் தயாராக இருந்தன. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு ஒப்பந்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது அதைப் பார்த்தேன். கூட்டத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. யாரும் ஏற்கவும் இல்லை.

கூட்டம் முடிந்ததும் மூத்த பொறியாளர் ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்க ரெண்டு பேர்கிட்டயும் கொஞ்சம் பேசிடுங்களேன் மேடம். நாங்க பேசினா சண்டையாயிடும். நீங்க சொன்னா கேப்பாங்க."

பாராட்டுப்போல ஒலிக்கும் அந்த வாக்கியத்தை என் வேலைக்காலம் முழுக்க வெவ்வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வேலை எனக்கு. முடிவெடுக்கும் உரிமை எனக்கில்லை. முடிந்தால் அது என் குணத்தின் வெற்றி, திறமையினுடையது அல்ல. கடிதம் எழுதினால் "எதுக்கு மேடம் ஃபார்மலா போறீங்க?" என்பார்கள். தொலைபேசியில் கெஞ்ச வேண்டும், தேநீரோடு கேட்க வேண்டும், இருவரின் கௌரவமும் குறையாமல் நடுவில் நின்று பேச வேண்டும். மாமியாருக்கும் மகனுக்கும் நடுவில் செய்தி கொண்டுபோகும் மருமகளின் வேலையை அலுவலகத்துக்கு மாற்றினால் அதற்குப் பெயர் கோ-ஆர்டினேஷன்.

இதில் எனக்கு நேரும் அநியாயம் ஒரு பக்கம். பொறியியலாகவே இது ஆபத்து என்பது இன்னொரு பக்கம். அதை நான் கற்றது 1999இல் தொலைந்த ஒரு விண்கலத்திடமிருந்து.

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1998 டிசம்பரில் புறப்பட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் பயணம் செய்து, 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்தது. செவ்வாயின் பின்பக்கம் போனது, மீண்டும் தொடர்புக்கு வரவே இல்லை. காரணம் இன்று பொறியியல் வகுப்புகளில் எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. கலத்தின் சிறு உந்துபொறிகள் கொடுத்த உந்துதலின் அளவை ஒரு குழுவின் மென்பொருள் பவுண்டு-விநாடியில் எழுதி அனுப்பியது. அதை வாங்கிப் பாதையைக் கணித்த குழு நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். செவ்வாய்க்கு 226 கிலோமீட்டர் உயரத்தில் போயிருக்க வேண்டிய கலம் சுமார் 57 கிலோமீட்டரில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தது.

வகுப்பில் பெரும்பாலும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். விசாரணைக் குழுவின் அறிக்கையில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, இடைமுக ஆவணம் இருந்தது. மெட்ரிக் அலகில்தான் தர வேண்டும் என்று அதில் எழுதியும் இருந்தது. வருகிற கோப்பு அந்த ஆவணத்தின்படி இருக்கிறதா என்று கடைசிவரை சரிபார்க்கப்படவில்லை. இரண்டாவது, பாதையைக் கணித்தவர்களுக்கு எண்கள் ஒத்துவரவில்லை என்ற சந்தேகம் கலம் பயணத்தில் இருக்கும்போதே வந்தது. அவர்கள் அதைச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் பிரச்சினைகளைப் பதிவுசெய்ய இருந்த முறையான படிவத்தின் வழியாகச் சொல்லவில்லை, மின்னஞ்சலிலும் பேச்சிலும் சொன்னார்கள். படிவமாகப் போயிருந்தால் அதை மூடுவதற்கு ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். பேச்சுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

"கொஞ்சம் பேசிடுங்களேன் மேடம்" என்று என்னிடம் சொல்லப்படும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. எழுத்தில் வர வேண்டிய கேள்வியை ஒரு பெண்ணின் பேச்சுத் திறமைக்குள் கரைத்துவிடுகிறார்கள். கேள்வி கேட்கப்பட்டதற்கே அடையாளம் இருக்காது.

பெண்களுக்கு இது இயல்பாக வரும் என்பார்கள். 2017இல் லிண்டா பாப்காக்கும் இன்னும் மூன்று பெண் ஆய்வாளர்களும் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் இதைச் சோதித்து எழுதினார்கள். மூன்று மூன்று பேராக உட்கார வைத்தார்கள். குழுவில் யாராவது ஒருவர் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், அழுத்தியவருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்திருந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில்? ஆண்கள் அழுத்தினார்கள், பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களில் நடந்த அளவுக்கே. இயல்பு என்றால் அந்த அறையில் பொத்தான் அப்படியே கிடந்திருக்க வேண்டும். யாராவது ஒரு பெண் செய்வாள் என்ற எதிர்பார்ப்புதான் வித்தியாசம். நம்மிடம் கேட்பதும் அதிகம், ஆண்களும் கேட்கிறார்கள், பெண்களும் கேட்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. இதைப் படித்த பிறகு, எனக்குக் கீழே வேலைக்கு வந்த பெண்களிடம் நான் எதைக் கேட்கிறேன் என்பதையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

40 மீட்டர் கேபிளுக்குத் திரும்புகிறேன். நான் இரண்டு தரப்புக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன். ஒப்பந்தங்களின் இரண்டு வரிகளையும் எடுத்துக்காட்டி, பதில் தர வேண்டிய தேதியையும் போட்டேன். பதில் வருவதற்குள் சோதனை ஓட்டம் நெருங்கிவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "இப்போதைக்கு சிக்னல் ரூம்ல ஒரு ஜம்பர் போட்டு ஓட்டிடலாம்." ஜம்பர் என்பது ஒரு சிறு கம்பித் துண்டு. முனைப்பலகையில் அதைப் போட்டுவிட்டால் கதவுகள் எப்போதும் மூடியிருப்பதாகவே சிக்னல் நம்பும். கதவு திறந்திருந்தாலும் வண்டி கிளம்பும். சோதனை ஓட்டத்தில் பயணிகள் இருக்கமாட்டார்கள். ஆனால் நடைமேடையில் எலக்ட்ரீஷியன் இருப்பார், பெயிண்டர் இருப்பார், தரை துடைக்கும் அக்கா இருப்பார்.

அந்தக் கூட்டத்தில் மினிட்ஸ் எழுதியது நான். பதினான்கு பேர் இருந்த அறையில் ஒரே பெண் என்பதால் அது என்னிடம் வந்திருந்தது. அவர் சொன்னதை அவர் பெயரோடு எழுதினேன். பாதுகாப்புச் சுற்றைத் தவிர்த்து ஓட்ட இன்னார் முன்மொழிந்தார், எழுத்து மூலமான அனுமதியும் நீக்கும் தேதியும் தேவை. மாலையில் அவர் என் மேசைக்கு வந்தார். "அதை எடுத்துடுங்க. சும்மா பேச்சுக்குச் சொன்னதுதானே?" பேச்சுக்குச் சொன்னது என்றால் அதையே அடுத்த வரியாகச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவர் போய்விட்டார். ஜம்பர் போடப்படவில்லை. ஒன்பது நாட்களில் கதவு ஒப்பந்ததாரர் கேபிளை இழுத்தார், சிக்னல் தரப்பு இணைத்துச் சோதித்தது, செலவைத் திட்ட நிர்வாகம் ஏற்றது. மாதக்கணக்கில் பேசித் தீராதது ஒரு பெயரும் ஒரு தேதியும் எழுத்தில் வந்ததும் தீர்ந்தது.

அந்த ஆண்டின் மதிப்பீட்டில் எனக்கு எழுதப்பட்டது: "எல்லோரோடும் இணக்கமாகப் பழகுபவர்."

இந்தக் கதைக்கு இன்னொரு பகுதி உண்டு. அடுத்த ஆண்டு நிர்வாகம் இடைமுக மேலாளர் என்று ஒரு பதவியை உருவாக்கியது. நல்ல சம்பளம், கையெழுத்து அதிகாரம். வெளியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்தார்கள். அவருக்கான பணிப்பட்டியலைப் பார்த்தேன். நான் பராமரித்துவந்த எக்செல் அட்டவணையின் தலைப்புகள் அதே வரிசையில் இருந்தன. அவர் நல்ல மனிதர், முதல் வாரமே என்னிடம் வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பெயரில்லாதவரை பெண்ணிடம் இருந்த வேலை, பெயர் வந்ததும் கைமாறியது. கணினி உலகமும் இதைப் பார்த்ததுதான். எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். 1946 பிப்ரவரியில் அதை உலகுக்குக் காட்டிய நாளின் இரவு விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பு இல்லை.

ஆகவே இடைமுக வேலையைப் பெண்கள் உதறிவிட வேண்டுமா? சில தோழிகள் அப்படித்தான் சொல்கிறார்கள். மினிட்ஸ் எழுதாதே, யாருக்கும் நடுவில் நிற்காதே, உனக்கென்று ஒரு இயந்திரத்தைப் பிடித்துக்கொள் என்கிறார்கள். அவர்களுடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வேலையை நான் சிறியதாக நினைக்கவில்லை. அப்போலோ விண்கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன், அந்த மென்பொருளில் அகப்பட்ட பிழைகளைப் பின்னர் வகைபிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி இடைமுகப் பிழைகளாக இருந்தன. தனித்தனியாகச் சரியாக இருந்த பகுதிகள் சேரும்போது தவறின. அதற்குப் பிறகான தன் உழைப்பை அந்தப் பிழைகள் நுழையவே முடியாதபடி அமைப்புகளை வடிவமைப்பதில் அவர் செலவிட்டார். நடுவில் நிற்கும் வேலையை அவர் உபசரிப்பாகப் பார்க்கவில்லை, கணிதமாகப் பார்த்தார்.

புதிய மேலாளர் வந்த மாதத்தில் நான் எழுத்தில் ஒன்று கேட்டேன். 55 ஜோடிகளில் நான் நடத்திவந்த 19க்கும் என் பெயர் பொறுப்பாளராகப் பதிவாக வேண்டும், அவற்றின் ஆவணங்களில் என் கையெழுத்து இல்லாமல் எதுவும் முடிந்ததாகக் கணக்கில் வரக்கூடாது. நான்கு மாதம் இழுத்தடித்து 12க்குச் சம்மதித்தார்கள். மீதி ஏழுக்கு இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரி முடித்து எங்களிடம் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே அந்த அட்டவணையைத் திறந்து காட்டுகிறேன். பொறுப்பாளர் என்ற பத்தியில் "இரு தரப்பும்" என்று எழுதியிருக்கும் வரிகளைத் தேடச் சொல்கிறேன். இரு தரப்பும் என்றால் யாருமில்லை என்று பொருள், சில மாதம் கழித்து அந்த வரி உங்களிடம்தான் வரும் என்கிறேன். யாராவது பேசிவிடுங்கள் என்றால், பேசுகிறேன், பேசி முடித்ததை எழுதி அனுப்பவும் செய்வேன், உங்கள் பதிலையும் எழுத்தில் தாருங்கள் என்று சொல்லக் கற்றுக்கொடுக்கிறேன். மினிட்ஸ் எழுதச் சொன்னால் எழுதுங்கள், கீழே உங்கள் பெயரைப் போடுங்கள், அடுத்த கூட்டத்தில் அதை யார் எழுதுவது என்பதையும் அதிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் அந்த அட்டவணையில் "இரு தரப்பும்" என்ற வரிகள் எட்டைக் கண்டுபிடித்தாள். எட்டுக்கும் கடிதம் போயிருக்கிறது. கையெழுத்து அவளுடையது.