நடைச் சங்கம்

மயிலாப்பூர்வாசிகளுக்கு நடை என்பது புதிய வித்தையன்று. அறுபத்துமூவர் உற்சவத்தன்று நாலு மாட வீதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, காலில் இரண்டு செருப்பும் இருக்க வீடு திரும்பியவர் எவரோ, அவர் எந்த மலையையும் ஏறிவிடலாம் என்பது நமது அபிப்பிராயம். மற்ற நாட்களில் நாகேசுவர ராவ் பூங்கா இருக்கிறது. விடியற்காலையில் அதைப் பத்துத் தடவை வலம் வந்து, சர்க்கரை வியாதியைப் பற்றிப் பதினோரு பேரிடம் யோசனை கேட்டுக்கொண்டு, வழியில் காபியும் இட்டிலியும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, முழங்காலில் அமிருதாஞ்சனம் தேய்த்துக்கொள்வார்கள். அமிருதாஞ்சனத்தை நமக்கு அளித்த தேசபக்தரின் பெயரால்தான் அந்தப் பூங்காவும் அமைந்திருக்கிறது என்பது எவ்வளவு பொருத்தம்!

இப்படிப்பட்ட நடையில் திருப்தியடைந்திருந்த நாம் சென்ற வருஷம் மலையேறும் சங்கம் ஒன்றில் அங்கத்தினராய்ச் சேர்ந்தோம். சங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் விளம்பரம் என்பார்கள். சேருவதற்குக் காரணம் நமது உத்தியோகமேயாகும். பதினெட்டு வருஷ காலமாகப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து வருகிறோம். ஒவ்வொரு வருஷமும் ஆரம்பப் பாடம் பழைய கற்காலம். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது ஆதி மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அன்றைக்குத் தொடங்கிற்று. இதை நாம் பதினெட்டுத் தடவை சொல்லியிருக்கிறோம். சென்ற வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "சார், நீங்கள் அந்த இடமெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டான். விஷமமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். விஷமமாக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாயிருந்திருக்கும்.

சங்கத்தில் சேர ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. இருதய வியாதி உண்டா, ஆஸ்துமா உண்டா, நீந்தத் தெரியுமா என்று பல கேள்விகள். கடைசிக் கேள்வி: "ஆபத்துக் காலத்தில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்?" அந்த இடத்தில் நமது மனைவியின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதினோம். எழுதிய காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனோம். திரும்பி வந்தபோது அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தகவல் சொல்வார்கள்?" என்றாள்.

"அது ஒரு சம்பிரதாயம்" என்றோம்.

"குரங்கணியில் செத்துப்போன பெண்களும் இதே பாரத்தைத்தான் பூர்த்தி செய்திருப்பார்கள்" என்றாள்.

இதற்கு மேல் வேடிக்கையாகப் பேச முடியவில்லை. 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. தேனி ஜில்லாவில் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்து போன ஒரு கூட்டமும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து போன ஒரு கூட்டமும் அதில் அகப்பட்டன. காய்ந்த புல், பலத்த காற்று, ஓடுவதற்குச் செங்குத்தான சரிவு. அன்றைக்கும், பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக 23 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த யுவதிகள். வாரம் முழுவதும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு நாள் சுத்தமான காற்றைச் சுவாசிக்கப் போனவர்கள். அந்த வாரத்தில் இந்நகரத்தில் எத்தனையோ வீடுகளில் மலை என்ற சொல்லையே யாரும் உச்சரிக்கவில்லை.

சர்க்கார் விசாரணைக்கு அதிகாரி ஒருவரை நியமித்தது. மலைநடைக்கென்று விதிகள் ஏற்படுத்தியது. சில வருஷங்கள் கழித்து, 2024-ஆம் வருஷம் அக்டோபரில், வனத்துறையே 14 ஜில்லாக்களில் 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்துப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டது. இணையத்தளத்தில் முன்கூட்டிப் பதிவு செய்துகொண்டு கட்டணம் செலுத்த வேண்டும். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2025-ல், தீப் பிடிக்கும் காலமென்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரையில் பாதைகளை அடைத்தும் வைத்தார்கள். இவை எல்லாவற்றையும் நமது மனைவிக்கு விவரமாக எடுத்துச் சொன்னோம். அவள் பொறுமையுடன் கேட்டாள். "விதியெல்லாம் செத்தவர்களுக்கு அப்புறம்தான் வருகிறது" என்றாள். அதுவும் உண்மைதானே?

வேறு வழியில் முயன்று பார்த்தோம். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு வேதாரண்யத்துக்குக் கால்நடையாகப் போய் உப்பு எடுத்தாரே, அப்போது அவருக்கு வயது 51; சித்திரை வெயில்; தேகமோ பலவீனம் என்று ஆரம்பித்தோம். "அவர் தேசத்துக்காக நடந்தார். நீங்கள் எதற்காக நடக்கிறீர்கள்?" என்றாள். கடைசி பெஞ்சுப் பையனைப் பற்றிச் சொன்னோம். சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு, "நல்ல பாதரட்சையாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பாதரட்சை வாங்கத் தியாகராய நகர் போனோம். பாண்டி பஜாரில் 2019-ஆம் வருஷம் நடைபாதையை விசாலப்படுத்தினதிலிருந்து அங்கே நடப்பதே ஒரு பயிற்சியாயிருக்கிறது. கடைக்காரப் பையன் ஒரு ஜோடியைக் காட்டி விலை சொன்னபோது, நாம் முதல் உத்தியோகத்தில் வாங்கிய மாதச் சம்பளம் ஞாபகத்துக்கு வந்தது. அதை விவரிக்க விரும்பவில்லை.

பயிற்சி நடை அடையாற்றில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பெசன்ட் நகர்க் கடற்கரையில் கூடினோம். அங்கிருந்து மணலில் நடந்து, அடையாறு கடலோடு சேரும் இடத்தில் 1977-ஆம் வருஷத்து வெள்ளத்தில் பாதி போய்விட்ட உடைந்த பாலம் வரையில் சென்று திரும்ப வேண்டும். ஒவ்வொருவர் முதுகிலும் ஐந்து கிலோ பாரம் இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் கட்டளை. நாம் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசியைப் போட்டு எடுத்துச் சென்றோம். மயிலாப்பூரிலிருந்து அரிசிக்குக் கடற்காற்று வாங்கிக் கொடுத்துவிட்டு மறுபடியும் வீட்டுப் பானையில் கொட்டினவர் இந்நகரில் நாம் ஒருவராகத்தான் இருப்போம்.

அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. குழுவின் தலைவனாக வந்து நின்ற வாலிபன் நம்மிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். வகுப்பில் பேசியதற்காக நாம் அவனைப் பல தடவை எழுந்து நிற்க வைத்திருக்கிறோம். நம்மைப் பார்த்ததும் "வணக்கம், சார்" என்று கைகூப்பினான். மறு நிமிஷமே, "சார், நீங்கள் வரிசைக்கு நடுவில் வாருங்கள். முன்னால் போகக்கூடாது; பின்தங்கவும் கூடாது. பேச்சைக் குறைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது" என்றான். பதினைந்து வருஷத்து வட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

கூட்டமாக நடப்பதில் ஒரு விசித்திரம் உண்டு. எல்லோருடைய வேகமும் அக்கூட்டத்தில் மிகவும் மெதுவாக நடப்பவருடைய வேகம்தான். கால் நீண்ட பையன்களுக்கு இது வேதனையாயிருக்கிறது. ஆனால் அந்த ஒரு விதியை எடுத்துவிட்டால் அது சங்கமன்று. ஒரே திசையில் போகும் சில தனி மனிதர்கள், அவ்வளவுதான். வகுப்பறையில் நமக்கு இந்த விதி ஏன் கைகூடவில்லை என்று மணலில் நடக்கையில் யோசித்தோம். நாற்பது நிமிஷத்தில் பாடத்தை முடிக்க வேண்டியிருக்கும்போது கடைசி பெஞ்சுக்காகக் காத்திருக்க யாரால் முடிகிறது?

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடப்பதையே ஓர் இயக்கமாக்கியவரும் ஓர் உபாத்தியாயர்தான். ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மான் என்பவர் 1909-ஆம் வருஷத்தில் மாணாக்கர்களோடு நடைப் பிரயாணம் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் தூங்கின பிறகு அவர் விழித்திருந்து, விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிக்கூடங்கள் இப்படித் தங்குமிடமாகலாகாதா என்று யோசித்தாராம். 1912-ல் ஆல்டினா என்னும் ஊரிலுள்ள பழைய கோட்டையில் முதல் இளைஞர் விடுதி நிலையாக ஏற்பட்டது. நமது தேசத்தில் அதன் சங்கம் 1949-ல் தொடங்கிற்று. அடையாற்றில் இந்திரா நகர்ப் பக்கம் போகிறவர்கள் இளைஞர் விடுதி ஒன்றைப் பார்த்திருக்கலாம். அதன் மூலம் ஓர் உபாத்தியாயர் மழையில் நனைந்ததுதான்.

டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடியம் குகைக்குப் போனோம். அது திருவள்ளூர் ஜில்லாவில், பூண்டிக்கு அப்பால், சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. வழியில் பூண்டி நீர்த்தேக்கத்தருகே பஸ்ஸை நிறுத்தினார்கள். சென்னைக்குத் தண்ணீர் வேண்டுமென்று மேயராயிருந்தபோது பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. 1943-ல் அவர் காலமாகிவிட்டார். அணை 1944-ல் முடிந்தது. அதனால்தான் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்று பெயர். நமது குழாய்களில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருவது என்று சொன்னபோது, பஸ்ஸிலிருந்த வாலிபர்கள் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். சரித்திர வாத்தியாருக்கு அது போதும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நமது பழைய மாணவன் ஒரு துணிப்பையை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தான். தீப்பெட்டி, லைட்டர், சிகரெட் எல்லாவற்றையும் அதில் போட்டுவிட வேண்டும். ஒருவர், "மழை பெய்து ஈரமாக இருக்கிறதே, என்ன ஆகப்போகிறது?" என்றார். அவன் பதிலொன்றும் சொல்லவில்லை, பையையும் மடக்கவில்லை. சிறிது நேரம் அப்படியே நின்றான். அவர் போட்டுவிட்டார். அவனுக்குக் குரங்கணியில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தார்களோ என்னவோ, நாம் கேட்கவில்லை.

பாதை முழுவதும் முட்புதர்க் காடு. காலடியில் செம்மண்ணும் உருண்டைக் கூழாங்கற்களும். வழிகாட்டியாக வந்த உள்ளூர் மனிதர் ஒரு செடியைத் தொட்டு இது இன்னதுக்கு மருந்து, இன்னொன்றைக் காட்டி இதைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டே போனார். குகை நெருங்கியதும் அவர் வாயில் விரலை வைத்தார். மேலே அண்ணாந்து பார்த்தால் பாறை விதானத்தில் தேன்கூடுகள்! முப்பது பேரும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனோம். முப்பது பேரை இவ்வளவு மௌனமாக நாம் எந்தப் பரீட்சை மண்டபத்திலும் கண்டதில்லை.

குகை என்றால் இருட்டுப் பொந்து அன்று. மலையே முன்னுக்குக் கவிந்து ஒரு பெரிய மண்டபம் போலிருக்கிறது. கூழாங்கற்களைச் சாந்தில் பதித்துச் சுவரெழுப்பினாற்போன்ற பாறை. ஊரார் அங்கே அம்மனை வழிபடுகிறார்கள். 1960-களில் தொல்பொருள் இலாகாவினர் இங்கே தோண்டிப் பார்த்துக் கற்கருவிகளை எடுத்தார்கள். அருகிலேயே அத்திரம்பாக்கம். பல்லாவரத்துக் கல் கிடைத்த அதே வருஷத்தில் பூட் அங்கேயும் போனார். நமது காலத்தில் சாந்தி பப்புவும் அவருடைய சகாக்களும் அவ்விடத்தை வருஷக்கணக்காக ஆராய்ந்து, அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகள் பத்து லட்சம் வருஷத்துக்கு மேற்பட்டவை, பதினைந்து லட்சம் வருஷம்கூட இருக்கலாம் என்று 2011-ல் வெளியிட்டார்கள். மயிலாப்பூரில் நாம் பழைமை என்று பேசுவதெல்லாம் இதற்கு முன்னால் நேற்று மாலை நடந்தது.

இறங்கும்போது ஒரு பெண் ஓரம் செதுக்கினாற்போலிருந்த கல்லொன்றை எடுத்து நம்மிடம் காட்டி, "இது கருவியா, சார்?" என்றாள். திருப்பித் திருப்பிப் பார்த்தோம். மனிதன் செதுக்கியதா, ஆறு உருட்டி உடைத்ததா என்று கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும். அதைக் கடைசி பெஞ்சுப் பையனிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை எழுந்ததென்னவோ வாஸ்தவம். தலைவன் அருகில் வந்தான். "எங்கே கிடந்ததோ அங்கேயே, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அப்படியே வைத்துவிடுங்கள்" என்றான். அந்தப் பெண் வைத்துவிட்டாள். அவனை எத்தனை தடவை எழுந்து நிற்க வைத்திருந்தாலும், அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமல்ல.

இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தோம். வாசற்படியிலேயே நமது மனைவி உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி மடியில் இருந்தது. பாதரட்சையைக் கழற்றும் வரையில் ஒன்றும் கேட்கவில்லை. ரசஞ்சாதம் போட்டுக்கொண்டே, அடுத்தது எங்கே என்றாள். ஜனவரி முதல் மார்ச்சு வரையில் ஆமைகள் முட்டையிடக் கரையேறும், மாணவர்கள் சேர்ந்து 1988-ல் ஏற்படுத்திய சங்கத்தார் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் இரவில் மணலோடு நடந்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள், ஏழு கிலோமீட்டர், பொது ஜனங்களும் கூடப் போகலாம் என்றோம்.

"மலை கிடையாதே?" என்றாள்.

"மணல்தான்" என்றோம்.

"அப்படியானால் நானும் வருகிறேன். நடுவில் எங்கேயாவது உட்காரவிடுவார்களா என்று உங்கள் தலைவனிடம் கேட்டு வையுங்கள்" என்றாள்.