நாலாய் மடித்த தாள்

"சேர், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருதா?"

உளவளத்துணை செய்யும் அந்தப் பிள்ளை நேரே கேட்டுவிட்டாள். நான் கதவைப் பார்த்தேன். வெளியே கிளினிக்குக்கு வந்தவர்கள். கற்பிட்டிப் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவை விட்டு வெளியேறியபோதுகூட இந்த எண்ணம் வரவில்லை. தோளில் பிள்ளை, பக்கத்தில் மனைவி. அவள் மௌத்தான பிறகுதான் பின்னிரவுகளில் அது வந்து உட்காரத் தொடங்கியது. யாரிடம் சொல்வது? ஹராம் என்று பிறருக்குச் சொல்லிக்கொடுத்த வாய் இது. பொலிஸ் வரும் என்ற பயம் வேறு.

"ஓம் மகள்" என்றேன்.

அவள் பதறவில்லை; பயானும் செய்யவில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டம் 1998இலேயே நீங்கிவிட்டது என்றாள். அந்த எண்ணம் ஏறும், பிறகு இறங்கும். இறங்கும்வரை தாக்குப்பிடிக்க ஒரு திட்டம் வேண்டும் என்று தாளொன்றை நீட்டினாள்.

என் கையெழுத்திலேயே எழுதினேன். முன்னறிகுறி: அஸருக்குப் பின் யாரோடும் பேசப் பிடிக்காமை. நானே செய்யக்கூடியது: வுழூ, களப்போரம் ஒரு நடை. போகும் இடம்: சந்தித் தேநீர்க்கடை. கூப்பிட வேண்டியவர்: மச்சான். அதற்கும் மிஞ்சினால்: 1926, மனநல உதவி இலக்கம், இல்லையேல் ஆஸ்பத்திரி.

கடைசி வரியில் பேனா நின்றது. "வீட்டில் ஆபத்தானது ஏதும் இருக்கா சேர்?" வெங்காயத் தோட்டத்து மருந்து இருந்தது. 1995இல் இந்நாட்டில் இலட்சத்துக்கு 47 பேரளவில் தம்முயிரை மாய்த்தார்கள். கொடிய பூச்சிநாசினிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின் அந்தக் கணக்கு வெகுவாக இறங்கியது. கைக்கெட்டாத தூரமும் ஓர் உயிரைக் காக்கிறது.

அன்று மாலையே மச்சான் வந்து அதை எடுத்துப் போனார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். சொல்லி முடியும்வரை என் கையை அவர் விடவில்லை.

இதுவரை இரண்டு இரவுகள் அந்தத் தாளைப் பிரித்திருக்கிறேன். முதல் இரவு நடையோடு போயிற்று. மற்ற இரவு மச்சானைக் கூப்பிட்டேன். வந்தார். அதிகம் பேசவில்லை. சுபஹுக்குப் பாங்கு கேட்டதும் இருவரும் எழுந்து பள்ளிக்கு நடந்தோம்.

மூடிவைத்திருக்கும் யாரேனும் இதை வாசித்தால், ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லிவிடுங்கள். அதற்காகத்தான் எழுதினேன்.