றம்பொடை மலைப்பாதையில் மூடுபனி

யாழ்ப்பாணத்துச் சமவெளியிற் பிறந்து வளர்ந்த எம்போன்றோருக்குப் பனி என்பது மார்கழி, தை மாதங்களிலே புல் நுனியிலும் வாழையிலையிலும் துளித்து நின்று, கதிரவன் பனையுயரம் எழுமுன்னே மறைந்துவிடும் ஒரு பொருள். மிஞ்சினால் தலைக்கு ஒரு துவாயைச் சுற்றிக்கொள்வோம், அவ்வளவே. மோட்டார் வண்டிக்கு முன்னே வெண்சுவர்போல எழுந்து நின்று, பாதை எது பள்ளம் எது என்று தெரியாதவாறு மறைக்கும் பனியை நாம் நேரிற் கண்டது நுவரெலியாவுக்குச் செல்லும் வழியிலேதான். அன்று கண்டதை இன்றும் மறந்தோமில்லை.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், உயர்தர வகுப்பு மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு, நாமும் சக ஆசிரியர் ஒருவரும் வாடகை வான் ஒன்றிற் புறப்பட்டோம். வண்டியோட்டி எம்மூரவர்; ஐம்பது வயதைக் கடந்தவர்; கண்டி வீதியில் எண்ணற்ற முறை கொழும்புக்கு ஓடியவர். மலையேறிய அனுபவம் மட்டும் அவருக்குச் சொற்பம். அதனை அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பேராதனையிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் ஏ5 வீதி, இலங்கையின் எழில்மிக்க வீதிகளுள் ஒன்று எனத் துணிந்து கூறலாம். கம்பளை வரை ஊர்களும் வயல்களும் தொடர்ந்து வரும். புசல்லாவையை அணுகும்போது தேயிலை தலைகாட்டும். பின்னர் கொத்மலை நீர்த்தேக்கம் கீழே கண்ணாடித் தகடுபோலக் கிடக்கும். றம்பொடையில் நீர்வீழ்ச்சி, அதன் அருகே 2008இல் திறக்கப்பட்ட, 225 மீற்றர் நீளமான சுரங்கப்பாதை. சுரங்கத்தினுள் வான் புகுந்ததும் எம் மாணவர் இட்ட கூச்சலை எழுத்தில் வடிக்க இயலாது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ளது. நுவரெலியாவோ 1,868 மீற்றர். எனவே எழுபத்தைந்து கிலோமீற்றர் அளவான பயணத்திலே, வளைந்து வளைந்து, 1,300 மீற்றருக்கு மேல் ஏறிவிடுகின்றோம்.

இந்த ஏற்றமே பனிக்கும் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து இம்மலைகளில் மோதுகின்றது. மோதிய காற்று மேலெழ, ஒவ்வொரு நூறு மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை செல்சியசு வீதம் குளிர்கின்றது. ஒரு நிலையிலே அதனால் நீராவியைத் தாங்க முடியாது போகவே, ஆவி ஒடுங்கி நுண்டுளிகளாகின்றது. கீழே கம்பளையில் நின்று அண்ணாந்து பார்ப்பவர் அதனை முகில் என்பார். அதனுள்ளே வண்டியோட்டிச் செல்பவர் மூடுபனி என்பார். இரண்டும் ஒன்றே. ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள பொருள் புலப்படாதவிடத்து அதனை மூடுபனி என்பது வானிலை அறிஞர் கொண்ட வரையறை. அன்று எமக்கு முப்பது மீற்றர் தெரிந்திருந்தாலே பெரும் பேறாகும்.

லபுக்கலையிலே தேயிலைத் தொழிற்சாலையருகே நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டபோது மாலை ஐந்து மணி. அரை மைல் போயிருப்போம். முதலில் எதிர்மலை மறைந்தது. பின்னர் பாதையோரத்துச் சவுக்கு மரங்கள் மறைந்தன. பின்னர் பாதையே மறையத் தொடங்கிற்று. இராமாயணத்திற் பற்றுள்ள மாணவன் ஒருவன், "சேர், அனுமன் வந்த அன்று இப்படிப் பனி மூடியிருந்தால் சீதையைக் கண்டிருப்பாரோ?" என்று கேட்க, எல்லோரும் நகைத்தோம். சீதையெலியா நுவரெலியாவுக்கு அப்பால் உள்ளது. அதுவரை போய்ச் சேர்வோமா என்ற ஐயம் அப்போது எவருக்கும் எழவில்லை.

வண்டியோட்டி முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரியவிட்டிருந்தார். எமக்கு அது போதாதென்று பட்டது. "அண்ணை, வெளிச்சம் காணாது, முழு லைற்றைப் போடுங்கோ" என்றோம்.

"மாஸ்ரர் சொன்னாச் சரிதான்" என்று அவர் விளக்கை உயர்த்தினார்.

அக்கணமே முன்கண்ணாடிக்கு அப்பால் எல்லாம் வெண்மை ஆயிற்று. முன்பு மங்கலாகவேனும் தெரிந்த வெள்ளைக் கோடும் தெரியவில்லை. பாற்குடத்தினுள் தலையைக் கவிழ்த்தது போன்ற நிலை. வண்டியோட்டி "ஐயோ" என்று பிரேக்கை மிதித்தார். வான் சற்றே வழுக்கி நின்றது. நின்ற இடத்திலிருந்து இரண்டு முழத்துக்குள்ளே, வெள்ளைப் பாடசாலைச் சீருடையில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, தாயின் கையைப் பற்றியபடி நின்றாள். பிரத்தியேக வகுப்பு முடிந்து வீடு திரும்புகின்றாள் போலும். வெண்பனியிலே வெண்சீருடை, விளக்கின் வெண்மை வேறு. எவ்வாறு தெரியும்? தாய் எம்மை ஒருமுறை பார்த்தாள். ஏச்சில்லை, பேச்சில்லை. மகளைப் பாதையின் உட்புறமாக மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்தடியில் இருவரும் மறைந்தனர்.

வானிலே ஒருவரும் பேசவில்லை. இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பிக்கின்றோம். ஒளிச் சிதறலைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்போம்! நீர்த்துளியில் ஒளி பட்டால் என்னவாகும் என்பதை மாணவரிடம் வினாவாகக் கேட்டுப் புள்ளியிட்ட நாமே, விளக்கை உயர்த்தச் சொன்னவரும் ஆனோம்.

ஊர்ந்து சென்று, ஓரத்தே இருந்த தேநீர்க் கடையொன்றின் முன் ஒதுங்கினோம். அங்கே நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி ஒன்று நின்றது. அதன் சாரதி, அப்பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர், எம் முகத்தைக் கண்டே நடந்ததை ஊகித்துவிட்டார். "முழு லைட் போட்டீங்களா சார்? பனிக்கு வெளிச்சம் போடக்கூடாது, ரோட்டுக்குத்தான் போடணும்" என்றார். பின் எமது வானின் முன்னே குந்தியிருந்து, பம்பரின் அடியிற் சேறு படிந்து கிடந்த இரு சிறு விளக்குகளைத் துணியாற் துடைத்தார். "இது எதுக்கு இருக்குன்னு நினைச்சீங்க?" என்று எம் வண்டியோட்டியைக் கேட்டார். "அது வடிவுக்கு வைச்சதெண்டு நினைச்சன் தம்பி" என்பது விடை. பொய் சொல்லாத மனிதர்.

அந்த விளக்குகளை ஏற்றி, முகப்பு விளக்கைத் தாழ்த்திப் பார்த்தபோது வேற்றுமை புலனாயிற்று. தூரம் கூடவில்லை. ஆனால் பாதையின் இரு ஓரமும், இடப்புறத்து வடிகானும், மதிலின் அடியும் தெளிவாயின. பார்வை பதிந்து நிற்க ஓர் இடம் கிடைத்தது.

இதன் தத்துவம் எளிது. பனித்துளி ஒன்றின் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு. அதன்மேற் படும் ஒளியில் ஒரு கூறு எம்மை நோக்கியே திரும்பி வருகின்றது. உயர்த்திய விளக்கு, கண்ணுக்கு நேரேயுள்ள கோடிக்கணக்கான துளிகளை ஒளிரச் செய்து, நாமே எமக்கு முன் ஒரு திரையைக் கட்டிக்கொள்ளச் செய்கின்றது. மூடுபனி விளக்கோ தரைக்கு அண்மையிற் பொருத்தப்பட்டது. அதன் கதிர் அகன்றும் தட்டையாகவும் கீழ்நோக்கியும் செல்லும். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல முடியும். எனவே கண்ணுக்கும் பாதைக்கும் இடைப்பட்ட பனியை அது அதிகம் தீண்டுவதில்லை.

மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது சாரதிகளிடையே பரந்த நம்பிக்கை. எம் மாணவரும் இதனைக் கேட்டனர். வளிமண்டலத்து மூலக்கூறுகள் நீல ஒளியை மிகுதியாகச் சிதறச் செய்வது மெய். வானம் நீலமாயிருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் பனித்துளி, ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியது. அத்தகைய துளி எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவிற் சிதறச் செய்யும். மூடுபனி வெண்மையாயிருப்பதே அதற்குச் சான்று. மஞ்சள் விளக்கு கண்ணுக்குக் கூச்சம் குறைவாயிருக்கின்றது என்போர் உளர்; அதை மறுக்க வேண்டியதில்லை. பிரான்சு தேசத்திலே 1930களின் பிற்பகுதி தொடங்கி 1993 வரை முகப்பு விளக்கும் மஞ்சளாகவே இருத்தல் வேண்டும் என்று விதித்திருந்தார்கள். விளக்கின் நிறத்தைவிட அது பொருத்தப்பட்ட உயரமும் கதிரின் வடிவுமே பயன் தருவன.

எப்போது ஏற்றுவது என்பதற்கு அயல்நாடுகள் அளவு வகுத்துள்ளன. பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவை, பொதுவாக நூறு மீற்றருக்கு அப்பாற் காண முடியாத நிலையையே எல்லையாகக் கொள்கின்றது. பார்வை தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும் என்றும் விதிக்கின்றது. பின்புறத்துச் சிவப்பு மூடுபனி விளக்கைப் பொறுத்தவரை ஜேர்மானியர் இன்னும் கண்டிப்பானவர்கள்: காட்சி ஐம்பது மீற்றருக்குக் குறைந்தாலன்றி ஏற்றலாகாது, ஏற்றவேண்டிய நிலை வந்தால் வேகமும் மணிக்கு ஐம்பது கிலோமீற்றரைத் தாண்டலாகாது. அங்கு வீதியோரக் குறிக்கம்பங்கள் ஐம்பது மீற்றருக்கு ஒன்றாக நடப்பட்டிருப்பதால் அளப்பது எளிது. எமது மலைப்பாதையிலே வெள்ளை பூசிய மதிலும் மின்கம்பமுமே அளவுகோல். மணிக்கு நாற்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியிற் பதினொரு மீற்றர் போய்விடும். கால் பிரேக்கைத் தேடும் நேரம் அந்த ஒரு விநாடி. ஈரப்பாதையில் நிற்பதற்கான தூரம் அதற்கு மேலே. முப்பது மீற்றர் மட்டும் தெரியும் இடத்தில் நாற்பதில் ஓடுவது எத்தகைய துணிவு என்பதை மாணவரே கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த வானிலேயே எம்மவர் கணக்கிட்டார்கள்.

பின்விளக்கைப் பற்றி இன்னும் ஒரு சொல். அது பிரேக் விளக்குக்கு நிகரான ஒளியுடையது. இரண்டுக்கும் இடையே பத்துச் சென்றிமீற்றருக்கு மேல் இடைவெளி இருத்தல் வேண்டும் என்பது ஐரோப்பிய அமைப்பு விதி. அவ்வாறு இருந்தும், தெளிந்த இரவில் அதனை எரியவிட்டு ஓடுபவர் பின்னால் வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதோடு, தாம் பிரேக் பிடிப்பதையும் மறைத்துவிடுகின்றார். யப்பானிலிருந்து எமது நாட்டுக்கு வந்த வண்டிகள் பலவற்றில் இவ்விளக்கே கிடையாது. அதற்குப் பதிலாக எம்மவர் செய்வது, நான்கு சைகை விளக்குகளையும் ஒருங்கே மின்னவிட்டு ஓடுவது. இதனை நாம் ஏற்கோம். மின்னும் வண்டி நிற்கின்றதா, செல்கின்றதா, வலப்புறம் திரும்பப் போகின்றதா என்பது பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அன்று எமக்கு முன்னே அவ்வாறு மின்னிக்கொண்டு சென்ற கார் ஒன்று, நின்றுவிட்டதென எண்ணி நாம் விலக எத்தனித்த வேளையிலே எதிரே பஸ் வந்தது.

கணவாயைக் கடந்து நுவரெலியாவுக்கு இறங்கியதும் பனி திடீரென விலகிற்று. நகரம் விளக்குகளோடு கீழே தெரிந்தது. எம் வண்டியோட்டிக்கோ புதிதாகக் கற்ற வித்தையை விட மனமில்லை; மூடுபனி விளக்கை அணையாமலே கடைவீதியினுட் புகுந்தார். எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு தடுமாறினார். ஈரத் தார்வீதி அந்தத் தாழ்ந்த கதிரைக் கண்ணாடிபோலத் தெறிப்படையச் செய்து எதிர்வருவோர் கண்ணுக்கு அனுப்பும். "அண்ணை, இனி அணையுங்கோ" என்றோம். அவர் எம்மைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "முதல் ஏத்தச் சொன்னியள், இப்ப அணைக்கச் சொல்லுறியள்" என்று அணைத்தார். மறுநாள் சீதையெலியா ஆலயத்தைத் தரிசித்து, 1861இல் நிறுவப்பட்ட ஹக்கலைப் பூங்காவுக்குச் சென்றபோது சாதாரண மழை. விளக்கை ஏற்றட்டுமா என்று அவரே கேட்டார். இருநூறு மீற்றருக்கு அப்பால் வளைவு தெளிவாகத் தெரிந்தது. தாழ்த்திய முகப்பு விளக்கு போதும் என்றோம்.

இவ்வீதியிலே தவறுக்கு இடம் மிகக் குறைவு. 2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலை, இதே வழியில் கெரண்டி எல்லை என்னுமிடத்தில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு மூடுபனியைக் காரணங் காட்ட நாம் வரவில்லை. அச்செய்தியைக் கேட்டபோது எம் மனக்கண்முன் முதலில் வந்து நின்றது அந்த வெள்ளைச் சீருடைதான்.

ஞாயிறு காலை திரும்பினோம். வானம் துடைத்துவிட்டாற் போல் இருந்தது. லபுக்கலைக்கு மேலே அந்த வளைவை மாணவரே முதலில் இனங்கண்டனர். வெள்ளிக்கிழமை நாம் சமதரை என்று எண்ணி வண்டியை ஒதுக்கப் பார்த்த பக்கம், முழங்கால் உயர மதிலுக்கு அப்பால், தேயிலைச் சரிவாகக் கீழே கீழே இறங்கி, அடியில் ஓர் ஓடை வெள்ளி நூலாகத் தெரிந்தது. வண்டியோட்டி ஒன்றும் சொல்லாமல், வெயிலிலே, ஹோர்னை ஒருமுறை நீளமாக அடித்துவிட்டு வளைவை மெல்லத் திருப்பினார்.